பேராயர் வி. எஸ். அசரியா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அசரியா யார்? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

வேதநாயகம் சாமுவேல் அசரியா, இங்கிலாந்துத் திருச்சபை வழிவந்த ஆங்கிலிக்கன் சபையில் பேராயராக அபிஷேகம் பெற்ற முதல் இந்தியர். திருநெல்வேலிச் சீமையில் 1874-ல் பிறந்தார். 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் அபிஷேகம் பெற்று, அன்றைய நிஜாம் ஆட்சிப்பகுதியிலிருந்த தோர்ணக்கல் திருமண்டலத்தின் (ஒரு பேராயரின் பொறுப்பில் வரும் பகுதி) முதல் பேராயரானார். 1945 ஜனவரி 1 அன்று இறக்கும்வரை அந்தப் பொறுப்பில் இருந்தார்.

‘முதல் இந்தியர்’ என்பதோடு பலரும் நிறுத்திக்கொள்கிறார்கள். அடுத்த செய்திதான் உறைக்கும். 1912 முதல் 1945 வரையான 32 ஆண்டுகளில், ஒரு ஆங்கிலிக்கன் திருமண்டலத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்த இந்தியர் அவர் ஒருவர்தான். வேறு சில இந்தியர்கள் துணைப் பேராயர்களாக ஆனார்கள்; தனித் திருமண்டலம் எவருக்கும் தரப்படவில்லை. கதவைத் திறந்தவர்கள் அவரை மட்டும் உள்ளே விட்டுவிட்டு மறுபடி சாத்திக்கொண்டார்கள் என்றே சொல்ல வேண்டும்.

எந்த ஊர்க்காரர்? குடும்பப் பின்னணி என்ன?

வெள்ளாளன்விளை. இப்போது தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ளது. 1874 ஆகஸ்ட் 17 அன்று பிறந்தார். தந்தை தாமஸ் வேதநாயகம் நாடார் குடும்பத்தில் பிறந்தவர், சி.எம்.எஸ். என்ற இங்கிலாந்து மிஷன் சங்கத்தின் பள்ளியில் படிக்கும்போது கிறிஸ்தவராகி, பிறகு கிராமச் சபையின் குருவானவராகப் பணியாற்றினார். அவர் 1889-ல் இறந்தபோது அசரியாவுக்கு 15 வயது. அதன்பின் தாய் எல்லன்தான் வளர்த்தார். கண்டிப்பானவர்.

மெஞ்ஞானபுரம் விடுதிப் பள்ளி, திருநெல்வேலி சி.எம்.எஸ். கல்லூரி, பிறகு சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி என்று படிப்பு போனது. சென்னையில் கணிதம் படித்தார்.

பி.ஏ. பட்டம் பெற்றாரா?

இல்லை. பட்டம் வாங்காமலேயே கல்லூரியை விட்டு வெளியே வந்தார். 1920-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது. ‘டாக்டர் அசரியா’ என்று பழைய ஏடுகளில் வருவது அதனால்தான்.

குருவானவர் ஆவதற்கு முன் என்ன வேலை பார்த்தார்?

1895 முதல் 1909 வரை ஒய்.எம்.சி.ஏ.வில் செயலாளர். தென்னிந்தியா முழுக்க ஊர் ஊராகச் சுற்றும் வேலை. 1896-ல் இந்தியா வந்த அமெரிக்கரான ஷெர்வுட் எடி அவருக்கு வாழ்நாள் நண்பரானார். 1898-ல் அன்பு மாரியம்மாளை மணந்தார். தென்னிந்தியக் கிறிஸ்தவப் பெண்களில் கல்லூரிப் படிப்பை எட்டிய முதல் சிலரில் ஒருவர் அவர்.

1902-ல் அசரியா யாழ்ப்பாணம் போனார். அங்கே தமிழ்க் கிறிஸ்தவர்கள் வெள்ளைக்காரர் பணத்தை எதிர்பாராமல், சொந்தக் காசில் வெளியூருக்கு ஊழியர்களை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். திருநெல்வேலியில் கிறிஸ்தவம் யாழ்ப்பாணத்தைவிடப் பெரிதாக வளர்ந்திருந்தும், அங்கே அப்படி ஒரு ஏற்பாடு இல்லை. அந்தக் குறை அவரைக் குத்தியது. 1903 பிப்ரவரி 12 அன்று பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கப்பட்டது. ஆள் இந்தியர், பணம் இந்தியருடையது, நிர்வாகமும் இந்தியருடையது என்பது அதன் விதி. 1905 டிசம்பர் 25 அன்று வங்காளத்துச் செராம்பூரில் இதே விதியோடு தேசிய மிஷனெரி சங்கம் உருவானபோது அதற்கும் அசரியாவே செயலாளர்.

திருநெல்வேலிக்காரருக்குத் தெலுங்கு நாட்டில் என்ன வேலை?

இந்திய மிஷனெரி சங்கம் தனக்கென ஓர் ஊழியக் களத்தைத் தேடியபோது, வேறு எந்த மிஷனும் கால்வைக்காத பகுதியாகப் பார்த்தது. நிஜாம் சமஸ்தானத்தின் மானுக்கோட்டை தாலுகா அப்படிக் கிடைத்தது. இன்றைய மகபூபாபாத் பகுதி அது. 1904-ல் முதல் மிஷனெரி சாமுவேல் பாக்கியநாதன் அங்கே போனார். 1906-ல் முதல் ஞானஸ்நானங்கள் நடந்தன.

தோர்ணக்கல் அந்த வட்டாரத்தின் ரயில் சந்திப்பு. சிங்கரேணி நிலக்கரிச் சுரங்கத்துக்கு அங்கிருந்து கிளைப்பாதை பிரிந்தது. ஊரென்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் ரயில் இருந்தது. சுற்றுக் கிராமங்களுக்கு மாட்டுவண்டியில் போய்விட்டு, சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் ரயிலேற அதைவிட வசதியான இடம் அந்தத் தாலுகாவில் கிடையாது. அசரியா குடும்பம் முதலில் அங்கே கூடாரத்தில்தான் குடியிருந்தது.

மொழிதான் முதல் தடை. முப்பது வயதைத் தாண்டிய பிறகு தெலுங்கைப் படித்து, அதிலேயே பிரசங்கிக்கும் அளவுக்குத் தேறினார்.

ஒருவர் ஆங்கிலிக்கன் பேராயராவது எப்படி? அசரியா எந்தப் படிகளைக் கடந்தார்?

மூன்று படிகள். முதலில் உதவிக்குரு, அதாவது டீக்கன். 1662-ம் ஆண்டு ஜெபப் புத்தகத்தின்படி இதற்குக் குறைந்தது 23 வயது. ஞானஸ்நானம் கொடுக்கலாம், பிரசங்கிக்கலாம், அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்தில் உதவலாம்; தாமே திருவிருந்து நடத்த முடியாது. அடுத்தது குருப்பட்டம், 24 வயது. பேராயர் தலையில் கைவைக்க, கூடியிருக்கும் குருமாரும் உடன் கைவைப்பார்கள். மூன்றாவது பேராயர் அபிஷேகம். 30 வயது நிறைந்திருக்க வேண்டும். குறைந்தது மூன்று பேராயர்கள் கைவைக்க வேண்டும் என்பது பழைய திருச்சபைக் காலத்திலிருந்து வரும் மரபு. ஒரே ஒருவர் கைவைத்து, பின்னால் ‘அவர் பேராயரே இல்லை’ என்று வழக்கு எழுந்தால் எல்லாமே ஆட்டம் கண்டுவிடும் அல்லவா? கைவைத்த பின் வேதாகமத்தைக் கையில் கொடுப்பார்கள்.

அசரியா 1909 ஜூன் 29 அன்று உதவிக்குருவானார். பட்டம் கொடுத்தவர் சென்னைப் பேராயர் ஹென்றி ஒயிட்ஹெட். அதே ஆண்டு இறுதியில் குருப்பட்டம். 1912 டிசம்பர் 29-ல் கல்கத்தா புனித பவுல் பேராலயத்தில் பேராயர் அபிஷேகம். அன்று 11 பேராயர்கள் அவர்மேல் கைவைத்தார்கள். தலைமை வகித்த பிரதம பேராயர் ரெஜினால்ட் கோப்பிள்ஸ்டன் அதற்கு முன் கொழும்புப் பேராயராக இருந்தவர்.

உதவிக்குருவாகி மூன்றரை ஆண்டில் பேராயர் என்பது மிக விரைவு. முன்வரிசையில் இருந்தவர்களைத் தாண்டிக் குதித்தார் என்ற முணுமுணுப்புக்கு இது இடம் கொடுத்தது. ஆனால் அதற்கு முன் 14 ஆண்டுகள் அவர் செய்த சபைப் பணி அந்தக் கணக்கில் சேரவில்லை என்பதையும் பார்க்க வேண்டும்.

அவர் பேராயராவதை யார் எதிர்த்தார்கள்? ஏன்?

பல பக்கத்திலிருந்தும் எதிர்ப்பு வந்தது. காரணங்கள் ஒன்றல்ல.

ஐரோப்பிய மிஷனெரிகள் பலருக்கு, ஓர் இந்தியரின் அதிகாரத்துக்குக் கீழே வெள்ளைக்காரர் எப்படி இருப்பார் என்ற கவலை. சிலர் இதை வெளிப்படையாகச் சொன்னார்கள். சிலர் ‘இந்தியத் திருச்சபை இன்னும் பக்குவப்படவில்லை’ என்று நாசூக்காகச் சொன்னார்கள். இந்தியக் கிறிஸ்தவர்களிடமிருந்தும் எதிர்ப்பு வந்தது. சாதி அதில் ஒரு காரணம். தெலுங்கருக்குத் தமிழர் தலைவரா என்பது இன்னொன்று. தெற்கத்திச் சபைகளை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பு ஒன்றும் இராது.

இதற்கு ஒயிட்ஹெட் கண்ட வழி கெட்டிக்காரத்தனமானது. சென்னைத் திருமண்டலத்திலிருந்து நிஜாம் பகுதியின் ஒரு சிறு துண்டை மட்டும் வெட்டி அசரியாவுக்குத் தனித் திருமண்டலமாகக் கொடுத்தார். அங்கே ஐரோப்பிய மிஷனெரிகள் இல்லை என்றே சொல்லலாம். ஆகவே யாருடைய கௌரவமும் குறையாது. கூடவே அவரைச் சென்னையின் துணைப் பேராயராகவும் வைத்துக்கொண்டார். இந்தச் சமரசம் இல்லாமல் 1912-ல் அபிஷேகம் நடந்திருக்காது. ஆனால் சமரசத்தின் பின்னால் இருந்த எண்ணம் அவமதிப்புதான். அதை மழுப்ப வேண்டியதில்லை.

அப்படியானால் வெள்ளைக்கார குருமார் அவருக்குக் கீழே வேலை செய்ததே இல்லையா?

செய்தார்கள். 1920-களின் தொடக்கத்தில் கிருஷ்ணா பகுதியின் சி.எம்.எஸ். சபைகளும், எஸ்.பி.ஜி. என்ற இன்னொரு இங்கிலாந்து மிஷன் சங்கத்தின் தெலுங்குச் சபைகளும் தோர்ணக்கல்லோடு சேர்க்கப்பட்டன. திருமண்டலம் பல மடங்கு பெரிதானது. 1924-ல் அங்கே ஆங்கிலக் குருமார் 8 பேரும் இந்தியக் குருமார் 53 பேரும் இருந்தார்கள். 1935-லிருந்து அவருக்குத் துணைப் பேராயராக இருந்த ஏ. பி. எலியட் ஒரு வெள்ளைக்காரர். 1912-ல் ‘நடக்கவே நடக்காது’ என்றது பத்துப் பன்னிரண்டு ஆண்டில் அன்றாட வழக்கமாகிவிட்டது.

எடின்பர்க் மாநாட்டுப் பேச்சில் அப்படி என்ன சொன்னார்?

1910 ஜூன் மாதம் ஸ்காட்லாந்தின் எடின்பர்க் நகரில் உலக மிஷனெரி மாநாடு கூடியது. வந்தவர்கள் சுமார் 1,200 பேர். ஆசியர்கள் 20 பேர்கூட இல்லை. அசரியா அப்போது குருப்பட்டம் பெற்று ஓராண்டுகூட ஆகாதவர். அயல்நாட்டு ஊழியருக்கும் உள்நாட்டு ஊழியருக்கும் இடையிலான ஒத்துழைப்பு பற்றிப் பேசச் சொன்னார்கள்.

மிஷனெரிகளின் தியாகத்தை அவர் மறுக்கவில்லை. சிக்கல் உறவில் இருக்கிறது என்றார். ஒரே ஊரில் ஆண்டுக்கணக்காகச் சேர்ந்து உழைத்தும் ஒருவர் வீட்டில் ஒருவர் சாப்பிட்டதில்லை; எஜமானும் சம்பளக்காரனும் போலப் பழகுகிறார்கள்; பணம் ஒருவர் கையில் இருப்பதால் நட்பு வளர இடமில்லை. முடிவில் 1 கொரிந்தியர் 13-ம் அதிகாரத்தை அப்படியே திருப்பிக் கேட்பவர்கள் பக்கம் வைத்தார். ஏழைகளைப் போஷிக்க உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உங்கள் சரீரத்தைச் சுட்டெரிக்கவும் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று முடித்தார்.

அந்த அதிகாரத்தை மனப்பாடமாக அறிந்த கூட்டம் அது. ‘அன்பு எனக்கிராவிட்டால் எனக்குப் பிரயோஜனம் ஒன்றுமில்லை’ என்ற வரியை அவர் சொல்லத் தேவையே இருக்கவில்லை. அதனால்தான் பலருக்குக் கோபம் வந்தது. சில மிஷனெரிகள் அந்தப் பேச்சை நெடுநாள் மன்னிக்கவில்லை. இத்தனைக்கும் அப்படிப் பேசிய இரண்டரை ஆண்டில் அவர் பேராயரானார் என்பது ஒயிட்ஹெட்டின் பிடிவாதத்தைக் காட்டுகிறது.

தோர்ணக்கல் பகுதியில் ஒரு கிராமம் கிறிஸ்தவமானது எப்படி? நடைமுறை என்ன?

தனியாள் மனம்மாறிச் சேர்வது அங்கே குறைவு. தெலுங்கு நாட்டின் தாழ்த்தப்பட்ட சாதிகளான மாலா, மாதிகா சமூகத்தார் குடும்பம் குடும்பமாக, பல இடங்களில் பேட்டை முழுவதுமாகச் சேர்ந்தார்கள். பெரும்பாலும் நிலமற்ற கூலிகள்.

முதலில் உறவுமுறை வழியாகச் செய்தி போகும். பெண் கொடுத்த ஊரில் நடந்ததைப் பார்த்துவிட்டு, ‘எங்களுக்கும் வாத்தியார் அனுப்புங்கள்’ என்று பெரியவர்கள் கேட்டு வருவார்கள். பேராயர் உடனே சரி சொல்லிவிட முடியாது. அனுப்ப ஆள் வேண்டும். உபதேசியார், அதாவது குருப்பட்டம் பெறாத கிராம ஊழியர், ஒருவர் மனைவியோடு அங்கேயே குடியேறுவார். பகலில் பிள்ளைகளுக்குப் பள்ளி. கூலிவேலை முடிந்து பெரியவர்கள் வரும்போது இருட்டிவிடும். அதனால் ஜெபமும் போதனையும் இரவில்தான். எழுத்தறியாதவர்களுக்கு எல்லாம் வாய்ப்பாடம்: கர்த்தருடைய ஜெபம், விசுவாசப் பிரமாணம், பத்துக் கற்பனைகள், இயேசுவின் கதைகள், அவற்றைச் சொல்லும் தெலுங்குக் கீர்த்தனைகள். பலியிடுதலும் செத்த மாட்டிறைச்சியும் குடியும் விட்டாக வேண்டும். தேறியவர்களைக் குருவானவர் சோதித்த பிறகே ஞானஸ்நானம். பிறகு கைவைத்து ஜெபித்துச் சபையின் முழு உறுப்பினராக ஏற்கும் திடப்படுத்தலுக்குப் பேராயர் வருவார்.

ஞானஸ்நானம் பெற்றவர்களிடம் அசரியா ஒரு வழக்கம் வைத்திருந்தார். தங்கள் கையைத் தங்கள் தலைமேல் வைத்துக்கொண்டு, ‘நான் ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவன், சுவிசேஷத்தை நான் பிரசங்கியாதிருந்தால் எனக்கு ஐயோ’ என்று சொல்ல வேண்டும். நேற்றுவரை ஊர் வாசலில் நிற்கக்கூட உரிமையில்லாத கூலிக்காரர், இன்று அடுத்த ஊருக்குச் செய்தி சொல்லும் பொறுப்பை ஏற்கிறார். தோர்ணக்கல் வளர்ச்சிக்கு ஒரே காரணம் சொல்லச் சொன்னால் நாங்கள் இதைத்தான் சொல்வோம். சம்பளம் வாங்கும் ஊழியரைவிடச் சம்பந்தி வீட்டுக்குப் போகும் கூலிக்காரர்தான் செய்தியை அதிகம் கொண்டுபோனார்.

அதில் எவையெல்லாம் கெட்டுப்போயின?

நிறைய. ஆள் பற்றாக்குறை முதல் சிக்கல். உபதேசியார் மாற்றலாகிப் போய், அடுத்தவர் வர ஓராண்டு தாமதித்தால் பழைய வழக்கங்கள் திரும்பிவிடும். அம்மை, காலரா கண்டால் அம்மனுக்குப் பலியிடாமல் இருக்க மனம் கேட்காது.

மாலாக்களும் மாதிகாக்களும் தங்களுக்குள் தீண்டாமை பார்த்தவர்கள். ஒரு தரப்பார் முதலில் சபைக்கு வந்துவிட்டால் மறு தரப்பார் வர மறுத்தார்கள். வந்தாலும் ஒரே பாத்திரத்தில் திருவிருந்து எடுக்கத் தயங்கினார்கள். இந்த விஷயத்தில் அசரியா இறங்கிப் போகவில்லை. சாதிக்கொரு சபை என்று பிரிக்க ஒப்பவில்லை. ஆனாலும் கல்யாணச் சம்பந்தத்தில் சாதி விடாமல் இருந்தது. இன்றும் அது தீர்ந்துவிட்டது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

நிலக்கிழார்களோடு மோதல் மூன்றாவது. ஊர்த் திருவிழாவில் பறை அடிப்பது மாதிகாக்களின் பரம்பரைக் கடமை. கிறிஸ்தவரான பின் அடிக்க மாட்டோம் என்றால் கூலிவேலை நிற்கும், களத்துமேட்டில் கிடைக்கும் தானியம் நிற்கும், சில சமயம் அடி விழும். ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வர மறுப்பதும் இப்படியே. பேராயர் தலையிட்டு நிலக்கிழாரிடம் பேசிய ஊர்களும் உண்டு. சபையே கலைந்துபோன ஊர்களும் உண்டு.

அழுக்கு, நோய், கடன், குடி என்ற நான்கையும் கிராமத்தின் நான்கு பேய்கள் என்று அசரியா அடிக்கடி சொல்வார். மருந்தகங்களும் கூட்டுறவுச் சங்கங்களும் இதற்காகத் தொடங்கப்பட்டன. காலப்போக்கில் பிற சாதியாரும் சேரத் தொடங்கினார்கள். அண்டை வீட்டுக் கூலிக்காரரிடம் கண்ட மாற்றத்தை அதற்குக் காரணமாகச் சொன்னார்கள்.

இவ்வளவுக்கும் பணம் எங்கிருந்து வந்தது?

ஒரு பகுதி இங்கிலாந்திலிருந்து. ஆனால் உள்ளூர்ச் சபை தன் செலவைத் தானே தாங்க வேண்டும் என்பதில் அவர் விடாப்பிடி; காணிக்கை பற்றித் தனி நூலே எழுதினார்.

கூலிக்குத் தானியம் வாங்குபவரிடம் ரூபாய் கேட்டு என்ன பயன்? அதனால் பிடியரிசி. ஒவ்வொரு வேளையும் உலை வைக்கும்போது வீட்டுப்பெண் ஒரு கைப்பிடி தானியத்தை எடுத்துத் தனிப்பானையில் போடுவார். ஞாயிற்றுக்கிழமை அது கோவிலுக்குப் போகும். திருநெல்வேலிச் சபைகளில் பழகிப்போன முறைதான். அறுப்பின் பண்டிகைக்கு நெல், சோளம், கோழி, முட்டை, காய்கறி என்று வரும். கோவில் வாசலிலேயே ஏலம் போட்டுக் காசாக்குவார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, காணிக்கை பெண்கள் கையில் இருந்ததுதான். கூலிப்பணம் ஆண் கையில் சாராயக்கடைக்குப் போய்விடலாம். அடுப்படித் தானியம் போகாது. பஞ்ச ஆண்டுகளில் மட்டும் பானை காலியாகும். அப்போது உபதேசியார் சம்பளம் பாக்கி விழும்.

குருமாரை எப்படித் தயார் செய்தார்?

பட்டதாரிகளைத் தேடிக் காத்திருக்கவில்லை. கிராமத்தில் உபதேசியாராகச் சில ஆண்டு உழைத்துக் காட்டியவர்களிலிருந்து பொறுக்கி எடுத்து, தோர்ணக்கல் வேதசாஸ்திரப் பள்ளியில் சேர்த்தார். தெலுங்கில் பாடம். மனைவியரும் உடன் வர வேண்டும். அவர்களுக்கும் படிப்பு உண்டு. கிராமத்தில் பெண்களிடம் பேசப்போவது குருவானவர் அல்ல, அவர் மனைவிதான் என்பது அன்பு அசரியாவுக்கு நன்றாகத் தெரியும். பெண்கள் ஊழியத்தை நடத்தியவர் அவர்.

படித்தவர்கள் ‘இவர்களெல்லாம் குருமாரா’ என்று ஏளனம் செய்தார்கள். 1930-களில் இந்தியக் குருமார் நூறைத் தாண்டினர்; கிராம ஆசிரியர்கள் 2,000-க்கும் மேல்; சபையார் இரண்டு லட்சத்துக்கும் மேல். நகரத்துப் பட்டதாரிகளுக்காகக் காத்திருந்தால் இதில் பத்தில் ஒரு பங்குகூட வந்திருக்காது.

தோர்ணக்கல் பேராலயத்தின் தனித்தன்மை என்ன?

இங்கிலாந்துக் கோவிலைப் பெயர்த்து வைத்ததுபோல் கட்டக் கூடாது என்பது அவருடைய எண்ணம். மசூதியை நினைவூட்டும் குவிமாடங்களும் கோபுரத் தூண்களும், கோவில் மண்டபத்தைப் போன்ற கற்றூண்களும் சேர்ந்த கட்டடம் அது. கட்ட சுமார் 25 ஆண்டுகள் ஆயின; பணம் வர வர வேலை நடந்தது. 1939 ஜனவரி 6, பிரசன்னத் திருநாளன்று பிரதிஷ்டை செய்யப்பட்டது. அதன் பெயரும் பிரசன்னப் பேராலயம்தான்.

காந்திக்கும் இவருக்கும் என்ன பிணக்கு?

1935 அக்டோபரில் அம்பேத்கர், தாம் இந்துவாகச் சாகப் போவதில்லை என்று அறிவித்த பின் மதமாற்றம் நாடு முழுக்கப் பேசுபொருளானது. தாழ்த்தப்பட்டோர் கூட்டமாக மதம் மாறுவதைக் காந்தி தம் ‘ஹரிஜன்’ இதழில் கடுமையாக எதிர்த்தார். அந்த மக்களுக்குச் சமயக் கருத்துகளை எடைபோடும் நிலை இல்லை என்பது அவர் வாதம். தினமும் அவர்களோடு இருந்த அசரியாவால் அதை ஏற்க முடியவில்லை. தாமே யோசித்துத் தேர்ந்தவர்களை அவர் ஆயிரக்கணக்கில் பார்த்திருந்தார்.

அதே சமயம் அவர் ஆங்கிலேயர் பக்கம் என்று நினைத்துவிடக் கூடாது. 1932-ல் பிரிட்டிஷ் அரசு வகுப்புவாரித் தீர்ப்பில் கிறிஸ்தவர்களுக்குத் தனித்தொகுதி கொடுத்தபோது அதை எதிர்த்து எழுதினார். திருச்சபை அரசியல் பங்கு கேட்கும் ஒரு வகுப்பாகச் சுருங்கிவிடும் என்பது அவர் அச்சம். தனித்தொகுதியையும் வேண்டாம் என்றார், மதமாற்றத்தையும் விட மாட்டேன் என்றார். இரண்டையும் சேர்த்துப் பார்க்காதவர்கள்தான் அவரை ஏதாவது ஒரு கட்சியில் சேர்த்துவிடுகிறார்கள்.

தென்னிந்தியத் திருச்சபை உருவானதில் அவர் பங்கு என்ன?

1919 மே மாதம் தரங்கம்பாடியில் 33 பேர் கூடினார்கள். இருவர் தவிர எல்லோரும் இந்தியர். அசரியா அதில் முன்னணியில் இருந்தார். ஆங்கிலிக்கன் சபையும், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் சபைகள் இணைந்த தென்னிந்திய ஐக்கிய சபையும் ஒன்றாக வேண்டும் என்று அறிக்கை விட்டார்கள். வேதாகமம், இரு விசுவாசப் பிரமாணங்கள், ஞானஸ்நானம்–திருவிருந்து, பேராயர் பதவி ஆகிய நான்கும் அடிப்படை. பின்னர் மெத்தடிஸ்ட் சபையும் சேர்ந்தது.

28 ஆண்டுகள் இழுத்தது. முட்டுக்கட்டை நான்காவதில். பேராயர் கைவைக்காமல் குருப்பட்டம் பெற்றவர்கள் மறுபடி பட்டம் பெற வேண்டுமா? வேண்டும் என்றால் இதுவரை அவர்கள் நடத்திய திருவிருந்து பொய்யா? வேண்டாம் என்றால் ஆங்கிலிக்கன் நிலைப்பாடு என்னாவது? கடைசியில் வந்த தீர்வு: பழைய குருமார் அப்படியே ஏற்கப்படுவார்கள், இனிமேல் கொடுக்கும் பட்டமெல்லாம் பேராயர்கள் கையால், 30 ஆண்டு இடைக்காலம், எந்தச் சபையின் மேலும் விரும்பாத ஊழியரைத் திணிக்க மாட்டோம் என்ற உறுதிமொழி.

1927-ல் சுவிட்சர்லாந்தின் லோசானில் அசரியா பேசியது பலமுறை எடுத்துக்காட்டப்படுகிறது: கிறிஸ்தவ நாடுகளில் சபைப் பிரிவினை பலவீனமாக இருக்கலாம், கிறிஸ்தவரல்லாத நாடுகளிலோ அது பாவமும் இடறலும். 1930-ல் உலக ஆங்கிலிக்கன் பேராயர்கள் கூடும் லாம்பெத் மாநாட்டிலும் இதற்காக வாதாடினார்.

1945 ஜனவரி 1 அன்று அவர் இறந்தார். அதே மாதம் இந்திய, பர்மா, சிலோன் ஆங்கிலிக்கன் பொதுமன்றம் இணைப்புக்கு ஒப்புதல் தந்தது. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. தோர்ணக்கல்லும் உள்ளே வந்தது. ஆனால் அவர் திருமண்டலத்திலேயே நந்தியால் பகுதி எஸ்.பி.ஜி. சபையார் பலர் சேர மறுத்துப் பல ஆண்டுகள் வெளியே நின்றார்கள்.

இணையத்தில் அடிக்கடி காணப்படும் பிழைகள் எவை?

‘இந்தியாவின் முதல் இந்தியப் பேராயர்’ என்பது தவறு. கேரளத்துச் சிரியன் சபைகளில் அதற்கு வெகுகாலம் முன்பே இந்திய ஆயர்கள் இருந்தார்கள். ‘ஆங்கிலிக்கன்’ என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும். தூத்துக்குடியின் திபுர்சியுஸ் ரோச்சையும் சிலர் குழப்புகிறார்கள். அவர் 1923-ல் ஆயரானவர், ரோமன் கத்தோலிக்கர்.

‘சி.எஸ்.ஐ. பேராயர் அசரியா’ என்றும் எழுதக் கூடாது. சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபை, பிறக்க இரண்டரை ஆண்டுக்கு மேல் இருக்கும்போதே அவர் இறந்துவிட்டார். எடின்பர்க்கில் ‘பேராயர் அசரியா’ பேசினார் என்பதும் பிழை. அப்போது அவர் குருவானவர். ‘திருநெல்வேலிப் பேராயர்’ என்று போடுகிறவர்களும் உண்டு. பிறப்பு திருநெல்வேலி, பதவி தோர்ணக்கல். கால்டுவெல், சார்ஜென்ட் இருவரும் 1877-ல் திருநெல்வேலிக்காகச் சென்னைத் துணைப் பேராயர்கள் ஆனவர்கள். தனித் திருமண்டலமாகத் திருநெல்வேலி பிரிந்தது 1896-ல்தான்.

தோர்ணக்கல்லுக்கு இப்போது எப்படிப் போவது?

இன்று அது தெலங்கானாவின் மகபூபாபாத் மாவட்டத்தில் உள்ளது. பழைய நூல்களில் வரங்கல் மாவட்டம் என்றோ ஆந்திரம் என்றோ இருக்கும், இடம் அதேதான். காசிப்பேட்டை–விஜயவாடா ரயில்பாதையில் மகபூபாபாத்துக்கும் கம்மத்துக்கும் நடுவே தோர்ணக்கல் சந்திப்பு. சில விரைவு வண்டிகள்தான் நிற்கும். கம்மத்தில் இறங்கிப் பேருந்திலோ பயணிகள் வண்டியிலோ திரும்பி வருவது சுலபம். பேராலயத்தை உள்ளே பார்க்க ஞாயிறு காலை ஆராதனை நேரம் நல்லது. ஆராதனை தெலுங்கில் நடக்கும்.